பழைய கெட்டில் கிரில்லை நம்பி வாங்கலாமா?

கேள்வி: சிகாகோ பக்கம் ஷாம்பர்க்கில் இருக்கிறோம். அடுத்த தெரு கராஜ் சேலில் 22 அங்குல வெபர் கம்பெனிக் கெட்டில் கிரில் (மூடி போட்ட உருண்டைச் சட்டி மாதிரியான கரியடுப்பு) ஒன்று 40 டாலருக்கு வந்திருக்கிறது. மூடிக்குள் பெயின்ட் உரிந்து தொங்குகிறது. கடையில் வேறு கம்பெனியின் புது கிரில் 80 டாலர்தான். எதை வாங்குவது?

பதில்: பழையதையே வாங்குங்கள், சட்டி நன்றாக இருந்தால்.

முதலில் அந்த உரிசல். அது பெயின்ட் இல்லை. பல வருடப் புகையும் கொழுப்பும் கருகிப் படிந்த ஏடு. மரக்குச்சியால் சுரண்டினால் கருவாடு மாதிரிச் சுருண்டு உதிரும்; அடியில் வழவழவென்று கறுப்பு எனாமல் தெரியும். செம்பழுப்பாகச் சொரசொரத்தால்தான் எனாமல் போய்விட்டது என்று அர்த்தம்.

எனாமல் என்பது கண்ணாடிதான். கண்ணாடித் தூளை இரும்புத் தகட்டில் பூசி, 800 டிகிரி செல்சியஸ் அளவுச் சூளையில் உருக்கி ஒட்டுகிறார்கள். அதனால் தணல் அதை ஒன்றும் செய்வதில்லை. விலை குறைந்த கிரில்கள் பலவற்றில் இருப்பது வெறும் பெயின்ட். நான் முதலில் வாங்கியது அப்படிப்பட்டதுதான். மூன்றாவது தடவை கரி போட்டபோதே அடியில் கொப்புளம் கிளம்பியது. அடுத்த மழைக்காலத்தில் ஓட்டை.

போகும்போது டார்ச் எடுத்துப் போங்கள். சட்டியின் அடியில், காற்றுத் துவாரங்களைச் சுற்றியும் கால்கள் சொருகும் இடத்திலும் உற்றுப் பாருங்கள். ஈரச் சாம்பல் கிடந்து அரிப்பது அங்கேதான். விரலால் அழுத்தினால் தகடு நெளிகிறதா? வேண்டாம், வந்துவிடுங்கள். பாட்டி வீட்டு எனாமல் தட்டின் விளிம்பில் இருக்குமே, அந்த மாதிரிச் சின்னச் சில்லு வெளிப்பக்கம் பெயர்ந்திருந்தால் பரவாயில்லை. அப்புறம் மூடியை வைத்துச் சுற்றிப் பாருங்கள். விளிம்பு நெளிந்திருந்தால் காற்று புகும், தணல் அடங்காது. கம்பித் தட்டு துருப்பிடித்திருந்தால் கவலையே வேண்டாம், புதிது தனியாகக் கிடைக்கும்.

மூடியின் காற்றுத் துவாரத் தகட்டில் ஓர் ஆங்கில எழுத்து இருந்தால் அது தயாரித்த ஆண்டுக்கான குறி. உங்கள் ஊர்ப்பக்கத்துப் பொருள்தான் இது: 1952-இல் வெபர் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீஃபன், நீரில் மிதக்கவிடும் மிதவைக்கான உலோகக் கோளத்தைப் பாதியாக வெட்டி முதல் கெட்டில் கிரில்லைச் செய்தது சிகாகோவில்தான்.

வாங்கியபின் ஒன்று மட்டும்: சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றாதீர்கள், எனாமல் விரிசல் விடும். நாளை காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானம் வரை அது அங்கே இருக்காது.