மலச்சிக்கலில் இருந்த மாமியாருக்கு இப்போது நீராகக் கசிகிறது. வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை கொடுக்கலாமா?

இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து கடலூர் முதுநகரில் வீடு திரும்பிய உங்கள் மாமியார், ஐந்தாறு நாள்கள் மலம் கழிக்காமல் இருந்தார் என்றும், நேற்றிலிருந்து துணி நனையும் அளவுக்கு மலம் நீராகக் கசிகிறது என்றும், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். புதுச்சேரியில் எலும்பு முறிவுப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிபவள் என்ற முறையில் சொல்கிறேன்: மருத்துவர் பார்க்கும் வரை அந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள்.

பல நாள் மலம் கழிக்காத முதியவருக்குத் திடீரென நீராகப் போனால், எங்களுக்கு முதலில் எழும் ஐயம் மலக்குடலில் கெட்டியான மலம் அடைத்திருக்கிறதா என்பதுதான். அந்தக் கட்டியின் ஓரமாக மேலிருந்து வரும் நீர்த்த மலம் வழிந்து கசிகிறது; பார்ப்பவர்களுக்கு அது வயிற்றுப்போக்காகத் தெரிகிறது. குடலின் அசைவைக் குறைக்கும் மாத்திரையை இந்த நிலையில் கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகிவிடும். மருத்துவர் கையுறை அணிந்து மலக்குடலை விரலால் சோதித்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் கட்டியை விரலால் எடுக்கும் முயற்சியை வீட்டில் செய்யக் கூடாது; அங்குள்ள நரம்பு தூண்டப்பட்டு நாடித்துடிப்பு சட்டென்று குறையக்கூடும் என்பதால், மருத்துவமனையிலும் நாடியைக் கவனித்துக்கொண்டுதான் அதைச் செய்கிறோம்.

அவர் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள். டிராமடால் போன்ற வலி மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, சுண்ணாம்புச்சத்து மாத்திரை ஆகியவை மலத்தை இறுக்கக்கூடியவை. எலும்பு முறிந்தவர்களுக்கு இவற்றில் ஒன்றிரண்டாவது எழுதப்பட்டிருக்கும். ஆசனவாய் வழியாகச் செலுத்தும் எனிமா வேண்டுமா, மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் மருந்து போதுமா என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும், ஏனெனில் கடையில் கிடைக்கும் பாஸ்பேட் எனிமா சிறுநீரகம் பழுதுபட்ட முதியவர்களுக்கு ஆபத்தானது. எனிமாவுக்கு வழக்கமாக இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைப்போம், குடலின் கடைசி வளைவு அந்தப் பக்கம் இருப்பதால். உங்கள் மாமியாருக்கு எந்தப் பக்கம் சாயலாம் என்பதை அறுவை மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும். இசப்கோல் என்ற நார்ச்சத்துத் தூள் நல்லதுதானே என்று பலர் கேட்கிறார்கள். போதிய தண்ணீர் குடிக்காமல் படுத்திருப்பவருக்கு அதுவே அடைப்பாக மாறிவிடும்.

மருந்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருப்பதாக நான் உறுதியாக நம்புகிறேன், அது கூச்சம். கூடத்தில் கட்டில் போட்டு, வருவோர் போவோர் நடுவே மருமகளோ மகனோ பெட்பான் வைக்க வேண்டிய நிலையில், வாழ்நாள் முழுவதும் மறைவாக இருந்து பழகிய பெண் உந்துதலை அடக்கிக்கொள்கிறார். அடக்கி அடக்கி உந்துதலே மங்கிவிடுகிறது. அடிக்கடி கேட்கக் கூடாதே என்று தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறார். ஒரு புடவையையாவது திரையாகக் கட்டுங்கள், ஆண்களை வெளியே இருக்கச் சொல்லுங்கள், அவரை அவசரப்படுத்தாதீர்கள். உணவு உண்டதும் பெருங்குடல் தானாகவே அசையத் தொடங்கும், காலை உணவுக்குப் பின் அது வலுவாக இருக்கும். ஆகவே தினமும் காலை உணவு முடிந்து அரை மணி நேரத்துக்குள், உந்துதல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உட்கார வையுங்கள். மருத்துவர் உட்கார அனுமதித்திருந்தால் உயரமான கமோடு நாற்காலி நல்லது. குந்தி உட்காருவது பொதுவாக மலம் இறங்க உதவும் என்றாலும், மூட்டு மாற்றப்பட்டிருந்தால் இடுப்பை அப்படி மடக்கவே கூடாது.

அடைப்பு நீங்கியபின் வெறும் ஜவ்வரிசிக் கஞ்சியும் பால் ரொட்டியும் போதாது. கீரை மசியல், வாழைத்தண்டு, கொய்யா, கேழ்வரகுக் கூழ் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். இதய, சிறுநீரகக் கட்டுப்பாடு எதுவும் இல்லையென்றால் தண்ணீரைக் கேட்காமலே கையில் கொடுங்கள்.

கசியும்போதெல்லாம் முன்னிருந்து பின்னாகத் துடைத்து, வெதுவெதுப்பான நீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றி உலர்த்தி, துத்தநாக ஆக்சைடு களிம்பைத் தடவுங்கள். ஈரத்தில் ஊறிய தோலில் படுக்கைப்புண் விரைவில் வந்துவிடும்.

வயிறு உப்பி வாந்தி எடுத்தாலோ, காற்றே பிரியாவிட்டாலோ, இரத்தம் தெரிந்தாலோ, மலம் தார்போலக் கறுத்துப் பிசுபிசுத்து நாறினாலோ நாளை வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்று நீங்களாகவே முடிவு செய்து இருந்துவிடாதீர்கள்.