மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை உடல் பத்து ஆண்டுகளில் மறந்துவிடுமா?

கொசு பரப்பும் வைரஸ் நோயான மஞ்சள் காய்ச்சலுக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் தடுப்பூசி போட்டுக்கொண்டதாகவும், இப்போது எதிர்ப்பொருள் (வைரஸைத் தடுக்க இரத்தத்தில் இருக்கும் புரதம்) அளவு குறைந்திருப்பதால் பாதுகாப்பு போய்விட்டதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மறுபடியும் பயணம் வைத்திருப்பீர்கள், பயணத்தில் காட்ட வேண்டிய தடுப்பூசிச் சான்றிதழ் அட்டை காலாவதியாகிவிட்டது என்று யாரோ பயமுறுத்தியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எதிர்ப்பொருள் எண்ணை மட்டும் பார்த்து அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். நான் பல ஆண்டுகளாக ஆய்வகத்தில் நினைவு செல்களை, அதாவது ஒருமுறை சந்தித்த கிருமியை நினைவில் வைத்திருக்கும் நோயெதிர்ப்புச் செல்களை, எண்ணும் வேலையைச் செய்பவன் என்பதால், இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

மாக்ஸ் தெய்லரின் குழு 1937-இல் உருவாக்கிய 17டி என்ற இந்தத் தடுப்பூசியில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள வைரஸ். அது சில நாட்கள் நம் உடலில் உண்மையிலேயே பெருகுகிறது. செல்களுக்குள்ளேயே புரதம் தயாரிப்பதால், எதிர்ப்பொருள் சுரக்கும் பி செல்களோடு, தொற்றிய செல்களைக் கொல்லும் சிடி8 டி செல்களும் விழித்துக்கொள்கின்றன. ஏறக்குறைய இரண்டு வாரங்களில் இந்த டி செல்கள் உச்சத்தைத் தொடுகின்றன. வைரஸ் ஒழிந்ததும் அவற்றில் பெரும்பாலானவை மடிந்துபோக, எஞ்சும் சிறுபான்மைதான் நினைவாக நிலைக்கிறது.

அந்தச் சிறுபான்மை எப்படி வாழ்கிறது என்பதைக் காட்டிய ஆய்வை, அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தின் ரஃபி அகமதும் அவருடைய சகாக்களும் 2017-இல் வெளியிட்டார்கள். தடுப்பூசி போட்டுக்கொண்ட தன்னார்வலர்கள் முதல் வாரங்களில் கன நீர் குடித்தார்கள்; அதில் சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் இருக்கும். அப்போது பிரிந்து பெருகிய செல்களின் டிஎன்ஏவில் டியூட்டீரியம் ஏறிவிடும், பிற்பாடு அவை மறுபடி பிரிந்தால் அந்த அடையாளம் நீர்த்துப்போகும். அது பெரிதாக நீர்த்துப்போகவில்லை. ஆரம்ப நாட்களில் வெறித்தனமாகப் பெருகிய அதே செல்கள்தான், ஆண்டுக்கு ஒருமுறைகூடப் பிரியாமல், அமைதியாக நீடித்திருந்தன. வெளித்தோற்றத்தில் எதிரியையே பார்த்திராத செல்களைப் போல அவை மாறியிருந்தாலும், கொல்லும் ஆயுதங்களுக்கான மரபணுக்களைச் சுற்றிய குரோமாட்டின் (டிஎன்ஏவும் புரதமும் சேர்ந்த பொதி) இன்னும் திறந்தே கிடந்தது.

இதை நான் படித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஊசி போட்டுக்கொண்டவரின் இரத்தத்தில் இந்த வைரஸை அடையாளம் காணும் டி செல்களில் மட்டும் ஒட்டும் டெட்ராமர் சாயம் ஏற்றி, செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியில் ஓட்டும்போது, திரையின் அடர்ந்த புள்ளிக்கூட்டத்திலிருந்து விலகி, மேலே ஒரு மூலையில் சில புள்ளிகள் மட்டும் தனியே திரளும். அவசரக்காரர் அதைக் கறை என்று ஒதுக்கிவிடுவார். அதே மாதிரியில் வைரஸின் பெப்டைடை (புரதத் துண்டை) சேர்த்துச் சில மணி நேரம் வைத்துப் பாருங்கள்: அந்தச் சொற்பச் செல்கள் வைரஸுக்கு எதிரான சமிக்ஞைப் புரதமான இன்டர்ஃபெரான் காமாவைத் தயாரிக்கத் தொடங்கிவிடும்.

இவ்வளவு தெரிந்த என்னையே, ஒரு பயணச் சோதனை மேசையில், அட்டையில் இருந்த தேதி பத்து ஆண்டுகளைத் தாண்டிவிட்டது என்று சொல்லி ஓரமாக நிறுத்திவைத்தார்கள். ஒரே ஊசி வாழ்நாள் பாதுகாப்புக்குப் போதுமென்று உலக சுகாதார நிறுவனம் 2013-இலேயே அறிவித்தது. 2016 ஜூலை 11 முதல் சான்றிதழும் வாழ்நாள் முழுவதும் செல்லும், பழைய அட்டைகளுக்கும் இதே விதிதான். விதியை அச்சிட்டு நீட்டிய பிறகும் அவர்கள் தங்களுக்குள் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மக்களின் உடல்நலத்தைக் காக்க உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் விதிகளின் புதிய வடிவத்தைக்கூடப் படித்துவைக்காதது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

டி செல்கள் இருந்தால் எதிர்ப்பொருள் தேவையில்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கொசு கடித்ததும் வைரஸை முதலில் தடுத்து நிறுத்துவது எதிர்ப்பொருள்தான்; பி செல்களிலிருந்து உருவாகி எலும்பு மஜ்ஜையில் தங்கிய பிளாஸ்மா செல்கள் அதைப் பல பத்தாண்டுகள் சுரக்கின்றன. எல்லாருக்கும் இது ஒரே அளவில் அமைவதும் இல்லை. கைக்குழந்தைப் பருவத்தில் ஊசி போட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு எதிர்ப்பொருள் விரைவாகக் குறைவது தெரியவந்திருக்கிறது. எச்ஐவி தொற்றோடு போட்டுக்கொண்டவர்கள், கர்ப்ப காலத்தில் போட்டுக்கொண்டவர்கள், பின்னர் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோர் மறுஊசி பற்றிப் பயண மருத்துவரிடம் கேட்பது அவசியம். உயிருள்ள வைரஸ் என்பதால், எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் தாமாக முடிவெடுக்கவே கூடாது. நீங்கள் இந்த வகைகளில் எதிலும் சேராதவர் என்றால், அந்தப் பழைய அட்டையையே எடுத்துக்கொண்டு புறப்படலாம். இந்த வாழ்நாள் விதி இடம்பெற்றிருக்கும் சர்வதேச சுகாதார விதிகளின் ஏழாவது இணைப்பையும் ஒரு பிரதி எடுத்து அதோடு வைத்துக்கொள்ளுங்கள்.