வெளிநாட்டுக் குழாய்த் திட்டத்தில் கால் பங்குதான். அங்கே அத்துமீறல் நடந்தால் நமக்குப் பொறுப்பு உண்டா?

கேள்வி: ஓர் எரிசக்தி நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில், முதலீட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். வெளிநாட்டில் எரிவாயுக் குழாய் பதிக்கும் திட்டம் ஒன்றில் கால் பங்கு வாங்கப் பேச்சு நடக்கிறது. திட்டத்தை நடத்தப்போவது வேறொரு நிறுவனம். நிலம் எடுத்துத் தருவது அந்நாட்டு அரசு, காவலுக்கு நிற்பது அந்நாட்டு ராணுவம். "நாம் பணம் போடுகிறவர்கள், அவ்வளவுதான். அங்கே நடப்பதற்கும் நமக்கும் சம்பந்தமில்லை" என்கிறார் மேலாளர். அது சரியா? கையெழுத்துக்கு முன் நான் எதையெல்லாம் கேட்க வேண்டும்?

பதில்: சரியில்லை. நீங்கள் சொல்லும் அமைப்பு அப்படியே மியான்மரின் யடானா குழாயை ஒத்திருக்கிறது. கடலில் எடுத்த எரிவாயுவைத் தாய்லாந்துக்குக் கொண்டுபோன திட்டம் அது. நடத்தியது பிரான்சின் டோட்டல். அமெரிக்க நிறுவனமான யூனோகாலுக்கு ஏறத்தாழ 28 விழுக்காடு பங்கு. குழாய்ப் பாதைக்குக் காவல் நின்ற ராணுவம் தங்களைப் பிடித்துக் கட்டாய வேலை வாங்கியது, கொலையும் பாலியல் வன்முறையும் நடந்தன என்று கிராமவாசிகள் 1996-இல் அமெரிக்காவில் யூனோகால் மீது வழக்குப் போட்டார்கள். ராணுவம் செய்ததற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம் என்றது நிறுவனம். உங்கள் மேலாளரின் வாதமும் இதுதான்.

கீழ் நீதிமன்றத்தில் அந்த வாதம் எடுபட்டது. 2002-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. நடப்பது தெரிந்திருந்தும் நடைமுறையில் உதவியிருந்தால் வழக்கைச் சந்தித்தே ஆக வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பை மறு ஆய்வு செய்யப் பெரிய அமர்வு எடுத்துக்கொண்டிருந்த நிலையில், 2005-இல் நிறுவனம் சமரசம் செய்துகொண்டு இழப்பீடு கொடுத்தது.

நிறுவனத்தை மாட்டிவிட்டது அதன் சொந்தக் கோப்புகள்தான். பங்கு வாங்குவதற்கு முன்பே, 1992-இல், அது அமர்த்திய ஆலோசனை நிறுவனம் ஒன்று, அங்குள்ள அரசு சாலை போடக் கட்டாய உழைப்பை வழக்கமாகவே பயன்படுத்துகிறது என்று எழுதிக் கொடுத்திருந்தது. 1995-இல் இன்னொரு ஆலோசகரும் எச்சரித்தார். இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு திட்டம் தொடர்ந்தது. அறிக்கை கேட்பது பாதி வேலைதான். அதைப் படித்த பிறகு என்ன மாற்றினீர்கள் என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும்.

"அதெல்லாம் பழைய கதை, அமெரிக்க உச்ச நீதிமன்றம் கதவை மூடிவிட்டது" என்று உங்கள் சட்டப் பிரிவு சொல்லலாம். பாதி உண்மை. வெளிநாட்டில் நடந்த அத்துமீறலுக்காக அமெரிக்காவில் வழக்குப் போடும் வழியை 2013-லும் 2018-லும் வந்த தீர்ப்புகள் மிகவும் குறுக்கிவிட்டன. ஆனாலும் இந்தோனேசியாவின் ஆச்சேயில், எரிவாயு வயலுக்குக் காவல் நின்ற ராணுவத்தினர் சித்திரவதை செய்தார்கள், கொன்றார்கள் என்று 2001-இல் எக்ஸான்மொபில் மீது தொடுத்த வழக்கு 2023 வரை உயிரோடு இருந்தது. விசாரணை தொடங்கும் தறுவாயில் நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் நீதிக்குக் காத்திருந்தவர்கள் சாதாரணக் கிராமத்து மக்கள் என்பதை மேலாளருக்கும் சொல்லுங்கள்.

அமெரிக்காவுக்கு வெளியே கதவு திறந்துகொண்டே வருகிறது. ஜாம்பியாவின் தாமிரச் சுரங்க மாசு தொடர்பான வேதாந்தா வழக்கில் 2019-இலும், நைஜீரிய எண்ணெய்க் கசிவு தொடர்பான ஷெல் வழக்கில் 2021-இலும், தாய் நிறுவனம் மீது இங்கிலாந்தில் வழக்கு நடத்தலாம் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னது. துணை நிறுவனத்தின் வேலையில் தலைமை அலுவலகம் எவ்வளவு தலையிட்டது, வெளியுலகுக்கு என்ன வாக்குறுதி கொடுத்தது என்பதெல்லாம் எடைபோடப்படும். ஆண்டறிக்கையில் "எங்கள் எல்லாத் திட்டங்களிலும் மனித உரிமையைக் காக்கிறோம்" என்று எழுதிவிட்டு, சம்பந்தமில்லை என்று ஒதுங்குவது கடினம். பிரான்சில் 2017 முதல் பெரிய நிறுவனங்கள், உள்நாட்டில் 5,000 ஊழியர்களோ உலக அளவில் 10,000 பேரோ இருந்தால், மனித உரிமை மீறலைத் தடுக்கத் திட்டம் வகுத்து வெளியிடுவது சட்டப்படி கட்டாயம்.

இனி, நீங்கள் கேட்க வேண்டியவை. முதலில் நிலம். மொத்த இழப்பீட்டுத் தொகையைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம், தேதிகளைக் கேளுங்கள். உகாண்டாவிலிருந்து தான்சானியாவின் டாங்கா துறைமுகத்துக்குப் போகும் 1,443 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாய்த் திட்டத்தில், நிலத்தை அளந்து மதிப்பிட்ட பிறகு அதில் வீடு கட்டக்கூடாது, காபி போல நின்று பலன்தரும் பயிர் வைக்கக்கூடாது என்று பல குடும்பங்களுக்குச் சொல்லப்பட்டது. பணம் வந்ததோ ஆண்டுகள் கழித்து. நிலம் பெயரளவில் கையில் இருக்கிறது, ஆனால் அதை நம்பிப் பிழைக்க முடியாது. இப்படி இழந்த விளைச்சல் எந்தக் கணக்கிலும் முழுதாக ஏறுவதில்லை. அளவெடுத்த நாள், பணம் கொடுக்கும் நாள், இரண்டுக்கும் நடுவே அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும்? பட்டா இல்லாமல் உழுதவர்களும், குழாய்ப் பாதைக்குக் குறுக்கே மீன்பிடிக்கப் போய்வந்தவர்களும் பட்டியலில் இருக்கிறார்களா? வெளியேற்றும் முன்பே மாற்று நிலம் வாங்கும் அளவுக்கு இழப்பீடு தர வேண்டும் என்பது உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கழகம் வைத்திருக்கும் நெறி. திட்டத்துக்கான வங்கிக் கடன் அந்த நெறியைப் பின்பற்றும் நிபந்தனையோடு வந்தால் உங்கள் கை ஓங்கும்.

அடுத்தது ராணுவக் காவல். ஒப்பந்தத்தை வாங்கி நீங்களே படியுங்கள். வீரர்களுக்குச் சாப்பாடு, வண்டி, எரிபொருள், படி யார் தருகிறார்கள்? திட்டப் பணத்திலிருந்து என்றால், நடைமுறை உதவி என்று நீதிமன்றம் கேட்கும் கேள்விக்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள். அத்துமீறலில் பெயர் அடிபட்ட படைப்பிரிவை மறுக்கும் உரிமை நமக்கு உண்டா? புகார் வந்தால் எத்தனை நாளில் நமக்குத் தகவல் வரும்? எரிசக்தி, சுரங்க நிறுவனங்களுக்காக 2000-இல் வகுத்த பாதுகாப்பு மற்றும் மனித உரிமைத் தன்னார்வக் கோட்பாடுகள் இதற்கெல்லாம் வழி சொல்கின்றன. அவற்றை ஒப்பந்தத்தில் இணைப்பாகவே சேர்க்கச் சொல்லுங்கள்.

புகார்ப் பெட்டி ராணுவ முகாமுக்குப் பக்கத்தில் இருந்தால் ஒருவரும் வரமாட்டார்கள், அதையும் கவனியுங்கள்.

கால் பங்குக்கு அப்படியென்ன பலம் என்று கேட்பார்கள். 2011-இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவை ஏற்ற வழிகாட்டிக் கொள்கைகள் இதற்கு நேரடியாகவே பதில் சொல்கின்றன. தீங்கை நாமே செய்யாவிட்டாலும், அது நம் வணிக உறவு வழியாக நம்மோடு தொடர்புடையது என்றால், நமக்கிருக்கும் செல்வாக்கைப் பயன்படுத்தித் தடுக்க முயல வேண்டும். செல்வாக்கு குறைவு என்றால் கூட்ட வழி தேட வேண்டும். அதுவும் முடியாவிட்டால் விலகுவதைப் பரிசீலிக்க வேண்டும். உங்கள் செல்வாக்கு உச்சத்தில் இருப்பது இப்போதுதான், பணம் இன்னும் உங்கள் கையில் இருக்கும்போது. அதனால் மேலே சொன்னவற்றைப் பங்கு வாங்குவதற்கான முன்நிபந்தனைகளாக எழுதுங்கள். தணிக்கை செய்யும் உரிமை, அத்துமீறல் உறுதியானால் அடுத்த தவணையை நிறுத்தும் உரிமை, அபராதம் கட்டாமல் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறும் உரிமை, இந்த மூன்றையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம், பேச்சில் விடாமல் குறிப்பாக எழுதி இயக்குநர் குழுவுக்குப் போகும் கோப்பில் சேர்த்துவிடுங்கள். மேலாளர் மறுத்தால் அவருடைய பதிலும் அதே கோப்பில் எழுத்தாக இருக்கட்டும்.