ஆர்மா 3 விளையாட்டின் நிறை குறைகள் என்ன? பப்ஜி மட்டுமே விளையாடியவருக்கு அது ஒத்துவருமா?

ஆறு வருடங்களாக, பெரும்பாலும் ஞாயிறு இரவுகளில், ஒரே குழுவோடு ஆர்மா 3 விளையாடி வருகிறேன். இது நிஜப் போர்க்களம் போலவே நடக்கும் ஒரு ராணுவ கம்ப்யூட்டர் கேம். உங்களுக்கு இது ஒத்துவருமா என்பது நீங்கள் யாரோடு விளையாடப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தனியாகத்தான் விளையாடுவேன் என்றால் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. பத்துப் பேர் கூடினால், இதற்கு ஈடான கேமை நான் பார்த்ததில்லை.

பப்ஜிக்கும் இதற்கும் ஒரு சொந்தம் உண்டு. பப்ஜியை உருவாக்கிய பிரெண்டன் கிரீன், கடைசியாக உயிரோடு இருப்பவரே ஜெயித்தவர் என்ற அந்த ஆட்டமுறையை முதலில் செய்து பார்த்தது ஆர்மா 2-க்கான ஒரு மாடாக (mod, அதாவது ஒரு கேமில் மற்றவர்கள் செய்து சேர்க்கும் மாற்றம்). பிறகு ஆர்மா 3-க்கும் கொண்டுவந்தார். ஆனால் அந்தச் சொந்தத்தை நம்பி இதில் இறங்கினால் முதல் அரை மணி நேரத்திலேயே ஏமாற்றமாக இருக்கும். பப்ஜியைப் போல இங்கே ஆடுகளத்தின் வட்டம் சுருங்காது, யாரும் உங்களை அவசரப்படுத்த மாட்டார்கள். ஒரு மலையைச் சுற்றி நடப்பதற்கே இருபது நிமிடம் ஆகும்.

இதை உருவாக்கியது செக் குடியரசின் போஹேமியா இன்டராக்டிவ். 2001-இல் ஆபரேஷன் ஃபிளாஷ்பாயின்ட் என்ற கேமைத் தந்தவர்கள். அதே வழியில் வந்த ஆர்மா 3, 2013 செப்டம்பரில் வெளியானது. கதை 2035-இல் நடக்கிறது. முக்கியக் களமான ஆல்டிஸ் தீவின் பரப்பு 270 சதுர கிலோமீட்டர். கிரேக்கத்தின் லெம்னோஸ் தீவைப் பார்த்து வரைந்தது. 2012-இல் அந்தத் தீவுக்குப் போன இந்நிறுவன ஊழியர்கள் இருவரை, ராணுவ இடங்களை வேவு பார்த்ததாகச் சொல்லி அங்கே கைது செய்தார்கள். நான்கு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்துவிட்டுத்தான் அவர்கள் வெளியே வந்தார்கள். ஆல்டிஸில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

இந்த கேமில் எனக்கு மிகவும் பிடித்தது தூரம். மற்ற கேம்களில் எதிரி நாற்பது, ஐம்பது மீட்டரில் நிற்பான். இங்கே நானூறு, அறுநூறு மீட்டர் சாதாரணம். அந்தத் தூரத்தில் எதிரி என்பது அசையும் ஒரு புள்ளி. குண்டு போகப் போகக் கீழே இறங்கும் என்பதால் தூரத்தைக் கணித்து ஸ்கோப்பைத் திருத்த வேண்டும். ஒலிக்கும் அப்படியே கணக்கு வைத்திருக்கிறார்கள். யாராவது நம்மைச் சுட்டால், குண்டு காதருகே கடக்கும்போது ‘டப்’ என்று ஒரு வெடிப்பு கேட்கும். துப்பாக்கியின் ஓசை அதற்குப் பிறகுதான் வந்து சேரும். குண்டு ஒலியைவிட வேகமாக வருவதுதான் காரணம். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை வைத்தே, சுட்டவன் பக்கத்தில் இருக்கிறானா தொலைவில் இருக்கிறானா என்று சொல்லிவிடலாம். ஓசை வந்த பக்கம் திசையைக் காட்டும். இதைக் காது பழகிக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. பழகிய பிறகு வேறு கேம்களில் துப்பாக்கிச் சத்தம் வெறும் சத்தமாகத்தான் கேட்கிறது.

அப்புறம் கூட்டாளிகள். எங்கள் குழுவில் ஏசிஇ என்ற மாடைப் போட்டுத்தான் ஆடுவோம். அது இல்லாமல் ஆடினால், முதலுதவிப் பையை எடுத்தவுடன் காயம் ஓரளவு ஆறிவிடும். இந்த மாடில் எந்தக் கையில் காயம், ரத்தம் எவ்வளவு போகிறது, நாடித்துடிப்பு என்ன என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒருநாள் பிர்கோஸ் நகருக்கு வெளியே ஒரு கல்சுவருக்குப் பின்னால் அடிபட்டுக் கிடந்தேன். திரை மங்கிக்கொண்டே வந்தது. எங்கள் மெடிக், அதாவது காயத்துக்கு மருத்துவம் பார்ப்பவர், கல்லூரி படிக்கிற தம்பி, புகைக்குண்டை வீசிவிட்டுத் தவழ்ந்து வந்தான். “அண்ணா, பேசிட்டே இருங்க, கட்டு போட்டுட்டேன், இன்னும் ரெண்டு நிமிஷம்” என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தான். அன்று முழு மிஷனிலும் அவன் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் அவனைப் பற்றித்தான் பேசினோம்.

மிஷனை நாமே உருவாக்கலாம் என்பது அடுத்த பெரிய பலம். அதற்கான எடிட்டர் கேமோடு சேர்ந்தே வருகிறது. 2014-இல் இலவசமாகத் தந்த ஸூஸ் வசதியில், ஒருவர் மேலிருந்து பார்த்துக்கொண்டு, ஆட்டம் நடக்கும்போதே எதிரிகளை இறக்கலாம், வாகனங்களை அனுப்பலாம். நாங்கள் தடுமாறினால் எங்கள் ஸூஸ் கொஞ்சம் விட்டுப்பிடிப்பார். சுலபமாக ஜெயித்தால் மலைக்குப் பின்னாலிருந்து ஒரு கவச வண்டி வரும். மனிதர் ஒருவர் நடத்துவதால் ஒரு ஞாயிறு போல இன்னொரு ஞாயிறு இருப்பதில்லை.

சரி, குறைகள். கம்ப்யூட்டர் இயக்கும் வீரர்களின் புத்தி ஒரே சீராக இருக்காது. வெட்டவெளியில் சுற்றிவளைத்துத் தாக்குவதை நன்றாகவே செய்வார்கள். அதே வீரர்களிடம் ஒரு லாரியைக் கொடுத்துப் பாலத்தைக் கடக்கச் சொன்னால் முட்டிக்கொண்டு நிற்பார்கள். வீட்டுக்குள் போகச் சொன்னால் வாசலிலேயே தயங்குவார்கள். தனியாக ஆடுபவருக்கு இவர்கள்தான் துணை. ஆகவே அவர் பாதி நேரம் இவர்களோடு போராட வேண்டியிருக்கும். கதைப்பகுதியான ஈஸ்ட் விண்டின் முதல் பாகம், தோற்றுப்போன படையில் மிஞ்சியவர்கள் காட்டில் ஒளிந்து பிழைப்பது, நன்றாக இருக்கிறது. பிறகு அந்த நெருக்கம் குறைந்துவிடுகிறது.

வேகமும் பிரச்சினைதான். கேமை இயக்கும் எஞ்சின் என்ற மென்பொருள், வேலையின் பெரும்பகுதியைப் பிராசசரின் பல கோர்களில் (கணக்கிடும் பகுதிகளில்) ஒன்றின் மேலேயே ஏற்றுகிறது. விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கினாலும், நூறு வீரர்கள் ஓடும் மிஷனில் படம் திக்கித் திணறும். 2017-இல் கூடுதல் நினைவகத்தைப் பயன்படுத்தக்கூடிய 64-பிட் வடிவத்துக்கு மாறியபோது கொஞ்சம் நிம்மதி கிடைத்தது. முழுதாகத் தீரவில்லை. கார்டுக்குச் செலவழிப்பதைவிட நல்ல பிராசசருக்குச் செலவழியுங்கள்.

கட்டிடத்துக்குள் சண்டை என்றால் உடல் விறைப்பாக நகர்வது எரிச்சலூட்டும். நிற்பது, குனிவது, படுப்பது ஒவ்வொன்றிலும் மூன்று நிலை என்று மொத்தம் ஒன்பது நிலைகள் இருக்கின்றன. அதற்கான விசைகளை விரல் மறக்காமல் இருக்கப் பல வாரம் ஆகும். மாட்களும் (mods) கம்ப்யூட்டரில் ஜிபி கணக்கில் இடத்தை அடைக்கும்.

2017-இல் வந்த லாஸ் ஆஃப் வார் என்ற கூடுதல் பகுதியைத் தவறவிடாதீர்கள். அதில் நீங்கள் படைவீரர் இல்லை, சண்டை ஓய்ந்த ஒரு கிராமத்தில் வெடிக்காத குண்டுகளை அகற்றும் தொண்டு நிறுவன ஊழியர். அந்த ஊர் எப்படி இப்படி ஆனது என்பதை ஒவ்வொரு தரப்பின் கண்ணாலும் பார்க்கிறீர்கள். அந்த வருடம் அதில் வந்த நிகர வருமானத்தில் பாதியைச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவுக்குக் கொடுத்தார்கள். துப்பாக்கி கேம் ஒன்றில் எனக்குக் கண் கலங்கியது அந்த ஒரு இடத்தில்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த கேமின் காட்சிகளை உண்மைப் போர் என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள். யுக்ரைன் போரிலும் நடந்தது, 2025 மே மாத இந்தியா – பாகிஸ்தான் மோதலிலும் நடந்தது. 2022-லேயே போஹேமியா இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. இரவுக் காட்சி, மங்கிய படம், ஆடும் கேமரா, ஆள் நடமாட்டமே இல்லாதது: இவை இருந்தால் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.

வாங்குவதாக இருந்தால், ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் அடிக்கடி தள்ளுபடி வரும், அதுவரை பொறுங்கள். அதற்குள் ஒரு குழுவைத் தேடிப் பேசிப் பாருங்கள். சேர்ந்த பிறகு முதல் மாதம் துப்பாக்கி வீரனாகப் போகாமல் மெடிக் பொறுப்பைக் கேளுங்கள். புதிதாக வருபவர் சுடுவதில் யாருக்கும் பெரிய உதவியாக இருக்க முடியாது, ஆனால் கட்டுப்போட இரண்டு நாளில் கற்றுக்கொள்ளலாம். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அன்றிலிருந்து எல்லோரும் ரேடியோவில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.