வாசகர் கேள்வி, வைத்தியர் பதில்: வால்வு ஒப்பரேஷனோடு அப்லேஷனும்?

கேள்வி (வாசகி, கோப்பாய்): அம்மாவுக்கு 58 வயது. ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது, மாற்றவேண்டுமாம். நாடியும் 3 வருடமாக ஒழுங்கில்லாமல் அடிக்கிறது. ஏட்ரியல் பிப்ரிலேஷன் என்கிறார்கள். அதே ஒப்பரேஷனில் அப்லேஷனும் செய்யலாமாம். செய்விக்கலாமா? பிறகு, குருதி உறையாமல் இருக்கத் தரும் வாபரினை விடலாமா?

பதில்: செய்விக்கலாம். அப்லேஷன் என்றால் தாறுமாறான மின்னோட்டத்தை மறிக்க இதயச் சுவரில் தழும்புக் கோடுகள் போடுவது. நெஞ்சைத் திறந்து இடது சோணையறைக்குள் (இதயத்தின் மேலறை) எப்படியும் போகத்தான் போகிறார்கள். வாபரின் கதை வேறு, அதற்குப் பின்னால் வருகிறேன்.

1987இல் அமெரிக்க சர்ஜன் ஜேம்ஸ் கொக்ஸ் சோணையறைச் சுவரைக் கோடுகோடாக வெட்டித் திரும்பத் தைத்தார். தழும்பில் மின்னோட்டம் பாயாது என்பதே கணக்கு. இப்போது பெரும்பாலும் ரேடியோ அலைக் கிளாம்பால் சுடுகிறார்கள், அல்லது குளிர்க்கோலால் உறையவைக்கிறார்கள். நுரையீரல் நாளங்களைப் பக்கத்துக்கு இரண்டாகக் கிளாம்பில் பிடித்துப் பலதடவை சுடுவார்கள். மேலும் கீழும் இரண்டு கோடு இழுத்தால் பின்சுவர் பெட்டிபோல அடைபடும். மைட்ரல் வளையத்துக்குப் போகும் கோடுதான் சிக்கலானது. பக்கத்தில் முடியுருநாடிக் கிளை ஓடுகிறது. கிளாம்பும் வளையம்வரை சரியாக எட்டாது. அதனால் அந்த இடத்தில் குளிர்க்கோலை 2–3 நிமிடம் வைப்பார்கள்.

சரிவராமல் போவது கோட்டில் விடுபடும் இடைவெளியால். வெளிப்புறக் கொழுப்போ, கிளாம்பின் தாடையில் ஒட்டிய கரியோ சூட்டைத் தடுத்தால் சுவரின் முழுத் தடிப்பும் சாகாது. வயல் வரம்பில் ஒரு நண்டுவளை கிடந்தால் போதாதா, அப்படித்தான். மைட்ரல் கோட்டில் இடைவெளி விட்டால் மின்னோட்டம் அதைச் சுற்றிச் சுழன்று ஏட்ரியல் புளட்டர் என்ற வேறொரு துடிப்புக் கோளாறு வரும். அது சிலவேளை பழைய துடிப்பைவிட வேகமாக இருக்கும். ஆகவே தாடையை அடிக்கடி துடைப்பதும், நாளங்களுக்குச் சிறு மின்தூண்டல் கொடுத்து (பேஸ் பண்ணி) மின்னோட்டம் அடைபட்டதா என்று பார்ப்பதும் வீண்வேலை அல்ல.

எக்கோ அறிக்கையில் இடது சோணையறையின் அளவைப் பாருங்கள். 5.5–6 செ.மீ. தாண்டினால், அல்லது துடிப்புக் கோளாறு பல வருடம் நிலைத்திருந்தால், பலன் குறையும். அப்படியிருந்தாலும் சோணையறையின் காதுமடல் போன்ற பையை அடைப்பார்களா என்று கட்டாயம் கேளுங்கள். குருதி கட்டியாக உறைவது பெரும்பாலும் அதற்குள்தான். 2021இல் வெளிவந்த லாவோஸ்-3 (LAAOS III) என்ற மருத்துவ ஆய்வில் பையை அடைத்தவர்களில் 4.8 வீதத்தினருக்கும், அடைக்காதவர்களில் 7.0 வீதத்தினருக்கும் பக்கவாதமோ வேறிடத்தில் குருதிக்கட்டி அடைப்போ வந்தது. இரு பகுதியிலும் பெரும்பாலானோர் குருதி உறையாமருந்தும் எடுத்தவர்கள்.

இனி வாபரின். உலோக வால்வு என்றால் நாடி எவ்வளவு ஒழுங்கானாலும் ஆயுள் முழுக்க வேண்டும். மைட்ரல் இடத்தில் ஐஎன்ஆர் (குருதி உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் சோதனை அளவு) வழக்கமாக 2.5–3.5. குருதி உறையாமல் தடுக்கும் புதிய வகை மாத்திரைகள் இதற்குச் சரிவராது. திசு வால்வு என்றால் குறைந்தது 3 மாதம், பிறகு பக்கவாத ஆபத்தைப் பார்த்து முடிவு. முருங்கையிலை, வல்லாரையை நிறுத்தவேண்டாம். கிழமைக்குக் கிழமை ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும்.

கேள்வி (வாசகர், பருத்தித்துறை): இதே ஒப்பரேஷன் முடிந்து 5 கிழமை. திரும்பப் படபடப்பு. சரிவரவில்லையா?

பதில்: இப்போதே அப்படிச் சொல்லமுடியாது. சுட்ட இடம் வீங்கி ஆறும் முதல் 3 மாதத்தில் துடிப்புக் குழம்புவது சாதாரணம். படபடக்கும்போதே ஈசிஜி எடுப்பியுங்கள். தேவையானால் மின்னதிர்ச்சி கொடுத்து ஒழுங்காக்கலாம். துடிப்பை ஒழுங்காக்கும் அமியோடரோன் மருந்து தந்திருந்தால் அது ஐஎன்ஆரை ஏற்றும், வாபரின் அளவைக் குறைக்கவேண்டி வரும். கிளினிக் தவணைவரை காத்திருக்காமல் குருதியைச் சோதியுங்கள். நாடி மிக மெதுவாகி மயக்கம் வந்தால் அது வேறு விடயம். இதயத் துடிப்பைத் தொடக்கிவைக்கும் சைனஸ் கணு களைத்திருக்கலாம், சிலருக்குப் பேஸ்மேக்கர் தேவைப்படும். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.