சியா பூக்காமல் நிற்பது ஏன்?

கேள்வி: காங்கயம் அருகே கிணற்றுப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் செம்மண் தோட்டம் வைத்திருக்கிறேன். தொண்ணூறு நாள் பயிர் என்று விதை கொடுத்தவர் சொன்னதை நம்பி வைகாசி முதல் வாரத்தில் சியா விதைத்தேன். இப்போது ஆவணி பிறந்துவிட்டது. செடி நெஞ்சுயரத்துக்குக் கருகருவென்று வளர்ந்து நிற்கிறது. ஒரு பூங்கதிர்கூட வரவில்லை. சப்ஜா விதையைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்களோ என்று சந்தேகப்படுகிறேன். உரக்கடையில் பூப்பதற்கு டானிக் அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா, அல்லது உழுதுவிடலாமா?

பதில்: டானிக் அடிக்க வேண்டாம், ஐயா, உழவும் வேண்டாம். உங்கள் செடிக்கு நோயோ சத்துக் குறைவோ இல்லை. விதைத்த பட்டம், அதாவது பருவம்தான் தவறு.

முதலில் சப்ஜா சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். சப்ஜா என்பது திருநீற்றுப்பச்சிலையின் விதை; சியாவும் அதே துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால்தான் இந்தக் குழப்பம் எங்கும் இருக்கிறது. மிச்சமிருக்கும் விதையைக் கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டி வெயிலில் பாருங்கள். சப்ஜா முழுக் கறுப்பாக, பளபளப்பு இல்லாமல் இருக்கும். சியா சாம்பல் நிறத்தில் கறுப்பும் பழுப்புமாகக் கோலம் போட்டதுபோல வரி ஓடி, மினுமினுப்பாக இருக்கும். இடையில் சில வெள்ளை விதைகளும் கிடக்கலாம். விதை தீர்ந்துபோயிருந்தாலும் உங்கள் தோட்டமே சாட்சி சொல்கிறது: திருநீற்றுப்பச்சிலையாக இருந்தால் கோடையிலேயே இரண்டு மாதத்தில் பூத்திருக்கும். மூன்று மாதமாகியும் பூக்காமல் நிற்பதே அது சியா என்பதற்கு நல்ல அடையாளம்.

சியாவின் தாயகம் மெக்சிகோவின் நடுப்பகுதியும் தென்பகுதியும் குவாத்தமாலாவும் ஆகும். அங்கே மழைக்காலத்தில் வளர்ந்து, பகல் குறையத் தொடங்கும்போது பூத்து, மழை ஓய்ந்தபின் காய்ந்து முற்றும் செடி அது. பகலின் நீளம் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கீழே இறங்கும்வரை, எவ்வளவு உரம் கொடுத்தாலும் அது இலையும் தண்டுமாகத்தான் வளரும். நம் கொங்குப் பகுதியில் ஜூன் மாதக் கடைசியில் பகல் சுமார் 12 மணி 45 நிமிடம். ஆவணி பிறக்கும்போதும் 12 மணி 30 நிமிடத்தை ஒட்டியே இருக்கும். புரட்டாசி நடுவுக்கு மேல்தான் பன்னிரண்டைத் தாண்டிக் கீழே வரும். இதை உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆடிப் பட்டத்தில் சோளத்தோடு ஊடுபயிராகப் போடும் பழைய மொச்சை, சோளத்தட்டை அறுத்துப் போர் போட்ட பிறகும் வெறும் கொடியாக ஓடிக்கொண்டிருந்து, பனி இறங்கிய பின்தானே பூக்கிறது? சியாவும் அந்தச் சாதிதான். நீண்ட பகலிலும் பூக்கும்படி அமெரிக்காவின் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தார் சியாவில் தனி வகைகளை உருவாக்கியிருக்கிறார்கள். ஆனால் நம் கடைகளில் கிடைப்பது பழைய இயல்புடைய விதையே. ‘தொண்ணூறு நாள்’ என்ற கணக்கு புரட்டாசியை ஒட்டி விதைப்பவருக்கு ஓரளவு பொருந்தும், வைகாசியில் விதைத்தவருக்குப் பொருந்தாது. விதை கொடுப்பவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. உங்களைப் போலவே பலர் நல்ல பயிரை ஆவணியில் உழுதுவிடுகிறார்கள்.

இனிச் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். இப்படியே விட்டால் செடி இன்னும் உயர்ந்து, ஐப்பசி மழையில் பூங்கதிரின் பாரமும் சேர்ந்து சாய்ந்துவிடும். ஆகவே இந்த வாரத்திலேயே முழங்காலுக்குச் சற்று மேலே, அடியில் நல்ல பச்சை இலைகள் இருக்கும்படி விட்டு, நுனியை வெட்டிவிடுங்கள். ஆவணி தாண்டி வெட்டினால் புதிய கிளை திரள்வதற்கு நாள் போதாது. வெட்டிய தழையை மாட்டுக்குப் போட்டு ஏமாற வேண்டாம். அதன் வாசனைக்கு மாடு வாய் வைக்காது. வரிசைக்கு நடுவே மூடாக்காகப் பரப்பினால் ஈரம் காக்கும், களையும் அடங்கும். யூரியாவை அறவே நிறுத்திவிடுங்கள். தண்ணீர் நிலம் காய்ந்த பிறகு போதும். சியா வறட்சியை ஓரளவு தாங்கும், வேரடியில் நீர் நிற்பதைத் தாங்காது. மழை தொடங்கும் முன் வடிகால் எடுத்துவிடுங்கள்.

புரட்டாசிக் கடைசியிலிருந்து கிளை நுனிகளில் கதிர் தலைகாட்டும். மார்கழி வாக்கில் கதிர்கள் பழுப்பேறி, அடி இலைகள் உதிரத் தொடங்கும்போது ஒரு கதிரைக் கையில் உருவிப் பாருங்கள். பூவின் அடி உறையான புல்லிக் கூடு ஒவ்வொன்றுக்குள்ளும் நான்கு விதை வரை இருக்கும். அவை வரி ஓடிக் கெட்டியாக இருந்தால் அறுக்கலாம். காலைப் பனி ஈரம் கதிரில் இருக்கும்போதே அறுத்தால் விதை கொட்டாது. ஆனால் அறுத்த கட்டு மழையில் நனையவே கூடாது, தூசி போகட்டும் என்று விதையைக் கழுவவும் கூடாது. சியா விதை தன் எடையைப்போலப் பத்து மடங்குக்கு மேல் நீரை இழுத்துக் கூழாகிவிடும். மறுபடி காய வைத்தால் பாளம் பாளமாக ஒட்டிக்கொள்ளும், அதை எந்த வியாபாரியும் தொடமாட்டார். களத்தில் தார்ப்பாய் விரித்துக் காய வைத்து, கோலால் தட்டி, காற்றில் தூற்றிச் சலித்தாலே சுத்தமாகிவிடும்.

அடுத்த ஆண்டு ஆவணிக் கடைசியில் நாற்றங்கால் விட்டு, மூன்று நான்கு வாரத்து நாற்றை இரண்டடிக்கு ஓரடி இடைவெளியில் நடுங்கள். ஏக்கருக்கு 150 கிராம் விதை தாராளம். முதல் நாற்பது நாள் வளர்ச்சி மெதுவாக இருக்கும் என்பதால் இரண்டு முறை களையெடுப்பது அவசியம். குறைந்தபட்ச ஆதரவு விலை சியாவுக்குக் கிடையாது; எனவே வாங்குபவரை உறுதி செய்துகொண்ட பிறகே பரப்பைக் கூட்டுங்கள்.

இன்னொன்று. கிணற்று மோட்டார் அறையில் இரவு முழுவதும் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். இத்தகைய பயிருக்கு நீண்ட, கலையாத இருட்டு வேண்டும். இரவில் வெளிச்சம் படும் செடிகள் பகல் குறைந்ததை உணராமல் பூக்கப் பிந்தும். புரட்டாசி பிறந்ததும் அந்த விளக்கை அணைத்து வையுங்கள்.