தினசரி இங்கிலீஷ் வார்த்தைகள எங்கிருந்து கத்துக்க ஆரம்பிக்கிறது? நான் கிளினிக் கவுண்டர்ல கத்துக்கிட்டது

"படிச்சா புரியுது, கிராமரும் ஓரளவு தெரியும், ஆனா சாதாரணமா பேசுற சின்னச் சின்ன இங்கிலீஷ் வார்த்தை வாயில வரமாட்டேங்குது, என்ன செய்யலாம்"னு கேட்டிருக்கீங்க. இதே நெலமையில ரொம்ப நாள் இருந்தவ நான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

நான் பிறைக்காரி, மலேசியாவுல பினாங்குப் பக்கம். வீட்டுல தமிழ், படிச்சது தமிழ்ப்பள்ளி, அப்புறம் இடைநிலைப்பள்ளிக்கு முன்னாடி ஒரு வருஷம் புகுமுக வகுப்பு, இடைநிலைப்பள்ளியில எல்லாமே மலாய். இங்கிலீஷ்ங்கிறது பரீட்சைக்கு எழுதுற பாடம், அவ்வளவுதான். இடைநிலைப்பள்ளி கடைசிப் பரீட்சையான எஸ்பிஎம் முடிச்சு ஜார்ஜ்டவுன்ல ஒரு கிளினிக் கவுண்டர்ல வேலைக்குச் சேர்ந்தேன், முதல் நாளே போன் அடிச்சது, பக்கத்துல இருந்த சீன அக்கா எடுத்து "ஐம் அஃப்ரெய்ட் டாக்டர் இஸ் நாட் இன்"னு சொன்னாங்க. டாக்டர் இல்லாததுக்கு இவங்க ஏன் பயப்படுறாங்கன்னு எனக்குப் புரியல. கேட்டேன், அது பயமில்ல, "மன்னிச்சுக்குங்க, டாக்டர் இல்லைங்க"னு நாம பணிவா சொல்ற மாதிரின்னு சொன்னாங்க. அஃப்ரெய்டுன்னா பயம்னு மனப்பாடம் பண்ணி வச்சிருந்த எனக்கு அன்னைக்குத்தான் வெளங்குச்சு, வார்த்தைய தனியா பிச்சு எடுத்துப் படிச்சா அது எங்க எப்படி வரும்னு தெரியாது, முழு வாக்கியமா, யாரு யார்கிட்ட எதுக்குச் சொன்னாங்கங்கிறதோட சேர்த்துத்தான் படிக்கணும்.

இன்னொண்ணு இப்பவும் மறக்கல. ஒரு மாமா போன் பண்ணி பதற்றமா "மை வைஃப் பாஸ்டு அவுட்"னு சொன்னாரு. நான் அத பாஸ்டு அவேன்னு நெனச்சுக்கிட்டு, மனைவி இறந்துட்டாங்க போலன்னு "சோரி அங்கள்"னு ஆறுதல் சொல்ல ஆரம்பிச்சுட்டேன். அவரு கத்துனதும்தான் டாக்டர்கிட்ட போனக் குடுத்தேன், டாக்டர் உடனே அவசர நம்பர் 999க்கு அடிக்கச் சொன்னாரு. அந்த அம்மா நல்லாயிட்டாங்க, ஆனா அந்த ஒரு நிமிஷம் வீணாப் போனது என்னாலதான். பாஸ் அவுட்னா மயக்கம் போட்டு விழுறது, பாஸ் அவேன்னா இறந்து போறது. நம்ம பேச்சுலயே பாருங்க, "தவறிட்டாங்க"ன்னா ஒண்ணு, "தவறி விழுந்துட்டாங்க"ன்னா வேற. தமிழ் தெரியாதவங்க அத எவ்வளவு நேரம் குழம்புவாங்களோ அதே மாதிரிதான் நமக்கும் இது.

அதுக்கப்புறம் ஒரு சின்ன நோட்டு வாங்குனேன். பட்டர்வொர்த்துல ஃபெரி ஏறினா கால் மணி நேரம்தான் அக்கரை போய்ச் சேர, அந்த நேரத்துல முந்தின நாள் கவுண்டர்ல கேட்ட தமிழ் வாக்கியங்கள எழுதுவேன். ஆமா, தமிழ்தான் முதல்ல. நம்ம ஆளுங்க வலியச் சொல்ற அழகே தனி, யாரும் வெறுமன வலிக்குதுன்னு சொல்லிட்டு நிறுத்த மாட்டாங்க. "விண்ணு விண்ணுன்னு தெறிக்குதும்மா"ம்பாங்க, அது த்ரொப்பிங். சுருக்குன்னு குத்துதுன்னா ஷார்ப் பெய்ன், இல்ல ஸ்டாபிங் பெய்ன். மந்தமா வலிச்சுக்கிட்டே இருந்தா டல் பெய்ன். மரத்துப் போச்சுன்னா நம்ப். கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்சுக்கிச்சுன்னா க்ராம்ப். நெஞ்சு கரிக்குதுன்னா ஹார்ட்பர்ன், பேரு அப்படி இருந்தாலும் அதுக்கும் இருதயத்துக்கும் சம்பந்தமில்ல, வயித்து ஆசிட் மேல வர்றது. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டா பால்பிட்டேஷன்ஸ், அது இருதயத் துடிப்பு. இத ரெண்டையும் மாத்திச் சொன்னா டாக்டர் வேற எங்கேயோ தேடுவாரு. குமட்டுதுன்னா நோஷியஸ், வாந்தி எடுத்துட்டா த்ரோ அப். வெறும் வயித்துல வரச் சொல்றது "ஆன் அன் எம்ப்டி ஸ்டொமக்". பாட்டிங்க தமிழ்ல சொல்றத டாக்டருக்கு இங்கிலீஷ்ல நான்தான் சொல்லணும், வலி என்ன மாதிரின்னு சரியாப் போய்ச் சேரணும்லா, அந்தக் கவலையிலதான் இதெல்லாம் மனசுல பதிஞ்சது.

கிராமரும் இப்படித்தான் நின்னுச்சு. ஃபோர், சின்ஸ் ரெண்டும் பள்ளியில எத்தனை வருஷம் சொல்லிக் குடுத்தும் எனக்கு நிக்கல. நம்ம பேச்ச வச்சுப் பாத்தப்பதான் பிடிபட்டுச்சு: "மூணு நாளா காய்ச்சல்"னு நாள எண்ணிச் சொன்னா ஃபோர் த்ரீ டேய்ஸ், "புதன்கிழமையில இருந்து"ன்னு தொடங்குன இடத்தச் சொன்னா சின்ஸ் வென்ஸ்டே. சின்ஸ் த்ரீ டேய்ஸ்னு சொன்னா தப்பு. அதே மாதிரி "சாப்பிட்டாச்சு"ங்கிற அந்த ஆச்சு இருக்குல்ல, அதுதான் ஐவ் ஈட்டன். நாம இங்க "ஈட் ஆல்ரெடி"ன்னு சொல்லிப் பழகிட்டோம். மருந்து சாப்பிட்டாச்சான்னா "ஹேவ் யூ டேக்கன் யுவர் மெடிசின்", இங்கிலீஷ்ல மருந்த ஈட் பண்றதில்ல, டேக்தான்.

நம்மூரு இங்கிலீஷ மட்டமா நெனைக்காதீங்க, அதுக்கும் மரியாதை உண்டு. கோஸ்தான்னு காரப் பின்னாடி எடுக்கச் சொல்றோமே, அது கோ அஸ்டர்ன்ங்கிற கப்பல்காரங்க பேச்சுல இருந்து வந்தது. ஆனா எது இங்க செல்லும், எது வெளியாளுக்குப் புரியாதுன்னு தெரிஞ்சு வச்சுக்கணும். ஒரு வெள்ளைக்கார டூரிஸ்ட் வந்தாரு, ரெஜிஸ்டர் பண்ண "வேர் டூ யூ ஸ்டே"ன்னு கேட்டேன், அவரு ஹோட்டல் பேரச் சொன்னாரு. எனக்கு வேண்டியது அவரு வீட்டு அட்ரஸ். வேர் டூ யூ லிவ்னு கேட்டிருக்கணும், ஸ்டேன்னா அவங்களுக்குத் தங்குறது. கடைசியில அவரு சிக் நோட் கேட்டாரு, நாம எம்சின்னு சொல்ற, டாக்டர் குடுக்குற லீவு சீட்டத்தான் அவங்க அப்படிச் சொல்றாங்க. டாக்டர் வெளியூர் போயிருக்காருங்கிறத அவுட்ஸ்டேஷன்னு சொன்னாலும் புரியாது, அவுட் ஆஃப் டவுன்னு சொல்லணும். வண்டியில கொண்டு போய் விடுறேங்கிறத "ஐ செண்ட் யூ"ன்னு சொல்லாம "ஐல் டிராப் யூ"ன்னு சொல்லுங்க, "யூ ஃபாலோ மீ"ன்னு கார்ல ஏறச் சொன்னா அவங்க பின்னாடி நடந்து வர்றதுன்னு எடுத்துக்குவாங்க, "கம் வித் மீ" போதும்.

ஸ்பெல்லிங் கவலைய இப்போதைக்கு விடுங்க. ஒரு விஷயம் மட்டும், மலாய் போர்டு பாத்து வளர்ந்ததால கிளினிக்க கே போட்டு எழுதுறது, ஃபார்மஸிய எஃப் போட்டு எழுதுறது நம்ம கையிலேயே வரும், அத மட்டும் பாத்துக்குங்க.

செய்ய வேண்டியது இதுதான். இன்னைக்குக் காலையில இருந்து நீங்க தமிழ்லயோ மலாய்லயோ வெளிய சொன்ன பத்து வாக்கியத்த எழுதுங்க, "கொஞ்சம் தள்ளிக்குங்க", "சில்லறை இருக்கா", "நான் அப்புறம் கூப்பிடுறேன்", இந்த மாதிரி. இங்கிலீஷ் நல்லா பேசுற ஒருத்தர்கிட்ட, இத நீங்கன்னா எப்படிச் சொல்வீங்கன்னு கேளுங்க, மொழிபெயர்க்கச் சொல்லாதீங்க, அப்படிக் கேட்டா வார்த்தைக்கு வார்த்தை மாத்தித் தருவாங்க. எக்ஸ்கியூஸ் மீ, டூ யூ ஹேவ் சேஞ்ச், ஐல் கால் யூ பேக்னு வரும். வாய்விட்டுச் சொல்லுங்க, மனசுக்குள்ள சொன்னா நாக்குக்குப் பழக்கம் வராது, நான் ஃபெரியில கம்பி ஓரமா நின்னு சொல்வேன், எஞ்சின் சத்தத்துல யாருக்கும் கேக்காது. மறுநாள் அதுல ஒண்ணையாவது யார்கிட்டயாவது பேசிடுங்க. நீங்க என்ன வேலை செய்றீங்கன்னு சொல்லல, கடைன்னா கல்லாவுல பேசுறத எழுதுங்க, ஃபேக்டரின்னா ஷிஃப்ட் மாத்தும்போது சூப்பர்வைசர்கிட்ட சொல்றத எழுதுங்க, முதல் பத்து அங்கேயே கிடைச்சிடும்.